கோளைப் பார்க்கவில்லை, விண்மீனின் அசைவை அளந்தார்கள்
51 பெகாசி என்னும் சூரியனையொத்த விண்மீனைச் சுற்றும் கோளை 1995இல் "தொலைநோக்கியில் பார்த்தார்கள்" என்று உங்கள் கட்டுரை கூறுகிறது. அந்த ஒரு வரியை மட்டும் தயவுசெய்து திருத்திவிடுங்கள். சுவிற்சர்லாந்து வானியலாளர்களான மிசெல் மேயரும் டிடியே கெலோவும் கண்டது கோளை அல்ல, விண்மீனின் அசைவையே. கோளின் ஈர்ப்பினால் அந்த விண்மீன் 4.2 நாளுக்கு ஒரு தடவை நம்மை நோக்கி வந்து பின் விலக, அதன் நிறமாலைக் கோடுகள் (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும்போது இடையிடையே தெரியும் கருங்கோடுகள்) நீலப் பக்கமும் சிவப்புப் பக்கமும் மாறி மாறி நகர்கின்றன. அந்த வேகமோ செக்கனுக்கு ஏறத்தாழ 56 மீற்றர்தான். ஏறக்குறைய 50 ஒளியாண்டுக்கு அப்பால் இதை அளந்ததற்கே 2019இல் பௌதிகவியல் நோபல் பரிசின் பாதி அவர்களுக்குக் கிடைத்தது.

வன்னியில் பௌதிகவியல் கற்பிக்கும் நான், விண்மீனின் இந்த அசைவுக்குத் தம்பியின் இரு கைகளையும் பிடித்துச் சுழற்றும் அண்ணன் பின்னோக்கிச் சாய்வதைத்தான் உதாரணமாகக் காட்டுவேன். பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிடும்.

கடந்த புரட்டாதியில், மாரி தொடங்குமுன், நிலவில்லாத ஓர் இரவில் இரணைமடுக் குளக்கட்டில் நின்று அவர்களுக்கு அந்த விண்மீனையே காட்டினேன். உச்சிக்கு அருகே, பூரட்டாதியின் இரண்டு விண்மீன்களுக்கும் நடுவில் சற்று மேற்காக, மிக மங்கலான புள்ளியாக அது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. அதன் கோள் வியாழனின் பாதியை நெருங்கும் நிறையுடையதாயினும், சூரியனுக்கும் புதனுக்கும் இடையிலான தூரத்தில் ஏழிலொரு பங்கிலேயே தன் விண்மீனை ஒட்டிச் சுற்றுவதால், அந்த ஒளிக்குள் மறைந்துவிடுகிறது.