ம்... அப்புறம்?

மணி: ராமு அண்ணே, கைமாற்று கேட்டிருந்தேனே, எடுத்து வைத்துவிட்டீர்களா?

ராமு: எந்தக் கைமாற்று?

மணி: நேற்று சாயங்காலம் கேட்டேனே! "ம்" என்றீர்கள். "அவசரம்" என்றேன், அதற்கும் "ம்". "திருப்பித் தரக் கொஞ்சம் நாளாகும்" என்றதற்கு "அடப்பாவி! அப்புறம்?" என்றீர்கள்.

ராமு: ஐயையோ! அது உனக்கு இல்லை தம்பி. காதில் ஒலிப்புத்தகம் ஓடியது. கதைக்கு ம் கொட்டினேன்.

மணி: பதிவு செய்த குரலுக்கு எதற்கு ம்? நீங்கள் கொட்டாவிட்டால் கோபித்துக்கொண்டு போய்விடுமா?

ராமு: போகாதுதான். கதைக் குரல் காதில் விழுந்ததும் வாய் தானாகக் கொட்டுகிறதே!

மணி: புத்தகமாகவே படிக்கலாமே. கேட்பதெல்லாம் சோம்பேறித்தனம்.

ராமு: படித்தால் கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் கொலைகாரன் யாரென்று பார்த்துவிடுவேன். காதில் கேட்டால் கதை வாசிப்பவர் சொல்லும்போதுதான் தெரியும். நான் இப்படி அடங்கி உட்கார்ந்து உங்கள் அண்ணியே பார்த்ததில்லை.

மணி: எல்லாம் போன் வந்த பிறகு வந்த பைத்தியம்.

ராமு: யார் சொன்னது? 1865இல் கியூபாவின் சுருட்டு ஆலைகளில் இது தொடங்கிவிட்டது. கைதான் சுருட்டுகிறது, காது சும்மா இருக்கிறதே! வாசிப்பதற்கென்றே ஓர் ஆளை உட்காரவைத்தார்கள். அவர் சத்தமாக வாசிப்பார், மற்றவர்கள் சுருட்டிக்கொண்டே கேட்பார்கள்.

மணி: அவருக்குச் சம்பளம்?

ராமு: தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து போட்டுக் கொடுத்தார்கள்.

மணி: கூலியிலிருந்தா! நம் ஆபீசில் பிரிவுபசார விழாவுக்கே பாதிப் பேர் கழிவறைக்குள் ஒளிந்துகொள்கிறார்கள்.

ராமு: 1866இலேயே அரசு தடை போட்டது. தொழிலாளர்களின் கவனம் சிதறுகிறதாம்.

மணி: மேனேஜரும் உங்களைப் பற்றி அதைத்தான் சொல்கிறார்.

ராமு: தடை நிற்கவில்லை, வாசிப்புத் திரும்ப வந்துவிட்டது. 1934இல் அமெரிக்காவில் பார்வையற்றவர்களுக்காகப் பேசும் புத்தகங்களை இசைத்தட்டில் கொண்டுவந்தார்கள். தட்டின் ஒரு பக்கம் சுமார் 15 நிமிடம்தான் ஓடும். கதை சூடு பிடிக்கும் நேரத்தில் எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும்.

மணி: அந்த இடைவெளியில் எனக்கு உயிரே போய்விடும். சரி, நேற்று என்ன கதை?

ராமு: நள்ளிரவு. கதவு தட்டுகிற சத்தம்.

மணி: ம்.

ராமு: கதாநாயகர் திறந்தால், போன வருஷம் அவரே குழியில் போட்டு மூடிய ஆள் நிற்கிறான்.

மணி: அடப்பாவி! ம்...

ராமு: கையில் ஒரு காகிதம்.

மணி: ம்...

ராமு: உனக்குக் கைமாற்று வேண்டாம்தானே?

மணி: ம்.

ராமு: அவ்வளவுதான், ஒப்புக்கொண்டுவிட்டாய்!

மணி: அண்ணே, அது கதைக்குக் கொட்டிய ம்! சரி, பணம் கிடக்கட்டும். காகிதத்தில் என்ன எழுதியிருந்தது?

ராமு: யாருக்குத் தெரியும்? அவன் காகிதத்தைப் பிரிக்கும்போதுதானே நீ வந்து "அவசரம்" என்றாய்!