ஆட்சி மாறியதும் எங்கே போனீர்கள் அண்ணன்?

சனிக்கிழமை மட்டக்களப்பு காந்திப் பூங்காவுக்கு முன்னால் காணாமல் போனவர்களுக்காக நாங்கள் நின்றதும், இத்தனை வருடம் எங்களோடு போராட்டங்களில் நின்ற அண்ணன் அதைப் பற்றி அன்றிரவு போட்ட பதிவும் உங்களுக்குத் தெரியும். ஸ்கிரீன்ஷொட் எனக்கே இருபது பேர் அனுப்பிவிட்டார்கள், அதைத் திரும்பவும் இங்கே போடவில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

"வீதிக்கு இறங்கும் நேரம் இதுவல்ல, புதிய அரசுக்கு அவகாசம் கொடுப்போம்" என்பதுவரை சரி, அது ஒருவருடைய அபிப்பிராயம். அடுத்த வரிதான் தூங்கவிடவில்லை: "இப்போது நிற்பவர்கள் யாருக்காக நிற்கிறார்கள் என்று யோசியுங்கள்." அண்ணன், அன்றைக்கு அங்கே நின்றது 19 பேர். நான் எண்ணினேன். அதில் 11 பேர் அறுபது வயது தாண்டிய அம்மாமார். யாருக்காக நிற்கிறார்கள் என்பது அவர்கள் கையில் பிடித்திருந்த படத்திலேயே தெரிந்திருக்கும், வந்து பார்த்திருந்தால்.

அவர்களில் ஒருவர் என் பெரியம்மா. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து படையினர் கொண்டுபோன 158 பேரில் அவருடைய மூத்த மகனும் ஒருவன். எனக்கு அப்போது எட்டு வயது. பெரியம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். போகும்போது அவன் திரும்பிப் பார்த்தானா இல்லையா என்று எங்கள் இருவருக்கும் இன்றைக்கும் பேச்சு வரும். பார்த்தான் என்பார் அவர். எனக்கு ஞாபகம் இருப்பது அவன் கட்டியிருந்த நீலக்கோட்டுச் சறம் மட்டும்தான்.

அந்தப் படம் அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியது. மூன்று தடவை லமினேட் பண்ணியாகிவிட்டது. ஒரு மூலையில் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, இடது காது இருந்த இடம் வெள்ளையாகிவிட்டது. பெரியம்மா அதைப் பால்மாப் பெட்டி மட்டை இரண்டுக்கு நடுவில் வைத்து, சீலைத்துண்டால் சுற்றி, பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். சனிக்கிழமையும் அப்படித்தான் வந்தார். இறங்கியதும் சுற்றிவரப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஒருத்தரும் வரல்லியா மனே?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அண்ணன், அந்தப் பதிலை நீங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு காரியம் பிழையென்றால் அதை யார் செய்தாலும் பிழை. வழக்கில்லாமல் ஆளைப் பிடித்து உள்ளே வைக்க விடும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தையே பாருங்கள். மகிந்த காலத்தில் பிழையாக இருந்த சட்டம், கோட்டாபய காலத்தில் கொடுமையாக இருந்த சட்டம், அநுர காலத்தில் பொறுத்துக்கொள்ளக்கூடிய சட்டமாக ஆகிவிடுமா? கத்தி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போயிருக்கிறது. கத்தி அதே கத்திதான்.

பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிகச் சட்டமாக வந்தது. 1982இல் நிரந்தரமாக்கினார்கள். எத்தனை ஜனாதிபதிகள் வந்து போனார்கள். 2015இல் மைத்திரி, ரணில் நல்லாட்சி அரசு ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவைக்குப் போய் நீக்குவோம் என்று ஒத்துக்கொண்டது. 2018இல் ஒரு வரைவு, 2022இல் ஒரு திருத்தம், 2023இல் இன்னொரு வரைவு. அநுரவின் தேசிய மக்கள் சக்தியும் தன்னுடைய தேர்தல் விஞ்ஞாபனத்தில் நீக்குவோம் என்றுதான் எழுதியது. 2024இல் ஆட்சிக்கு வந்து ஒரு வருடம் போய்விட்டது. சட்டம் அப்படியே இருக்கிறது.

2021 மே 18 ஞாபகம் இருக்கிறதா? கிரான் கடற்கரையில் யுத்தத்தில் செத்தவர்களுக்காக விளக்கேற்றியதற்காக 10 பேரை இந்தச் சட்டத்தில் பிடித்து டிசம்பர் வரைக்கும் உள்ளே வைத்திருந்தார்கள். அந்த ஏழு மாதமும் அண்ணன் பம்பரமாகச் சுற்றினார். குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு சேர்த்தார், சட்டத்தரணிகளைத் தேடினார், தினமும் எழுதினார். அவர் பக்கத்தில் நான் நின்றேன், பெருமையோடு நின்றேன். 2025 மார்ச்சில் இஸ்ரேலுக்கு எதிராக ஸ்டிக்கர் ஒட்டினான் என்று 22 வயதுப் பிள்ளையொன்றைக் கொழும்பில் இதே சட்டத்தில் பிடித்தார்கள். தடுப்புக்காவல் உத்தரவில் கையெழுத்துப் போட்டது ஜனாதிபதி. அண்ணன் ஒரு வரி எழுதவில்லை. அந்த வாரம் அவருடைய ஃபேஸ்புக் பக்கத்தில் இருந்தது ஒரு வீதித் திறப்புவிழாப் படம்.

அவகாசம் கொடுப்பது எங்களுக்குப் புதிதா? 1994இல் எனக்குப் பன்னிரண்டு வயது. சந்திரிகா சமாதானம் கொண்டுவருவார் என்று எங்கள் ஊரே வாக்களித்தது. பெரியம்மா காலையிலேயே குளித்து, திருநீறு பூசி, முதல் ஆளாகப் போய் வரிசையில் நின்றார். நாடு முழுக்க 62 வீதம் கிடைத்தது. தெற்கிலே, அதுவரை ஆண்ட யூ.என்.பி. கட்சியின் யுத்தத்துக்கு எதிராகப் பல வருடம் பேசிய எத்தனையோ பேர் அந்த அரசாங்கத்தோடு போனார்கள், சமாதானத்துக்காக வெண்தாமரை இயக்கம் நடத்தினார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை, அன்றைக்கு எல்லாருக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. 1995 ஏப்ரலில் திருகோணமலையில் கடற்படைக் கப்பல்களைத் தகர்த்துப் பேச்சை முறித்தது புலிகள். உண்மை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு நடந்த யுத்தத்துக்கு "சமாதானத்துக்கான போர்" என்று பெயர் வைத்தபோது வெண்தாமரைக்காரர்களில் எத்தனை பேர் எழும்பி நின்றார்கள்? அதே வருடம் ஜூலை 9ஆம் திகதி யாழ்ப்பாணத்து நவாலித் தேவாலயத்தில் ஒதுங்கியிருந்த சனத்தின் மேல் குண்டு விழுந்து நூற்றுக்கு மேல் செத்தார்கள். 1997 மேயில் எங்கள் அம்பாறை சென்றல் கேம்பில் ஒரு தாய்க்கு நடந்ததை நான் இங்கே எழுத மாட்டேன், கிழக்கில் தெரியாதவர் இல்லை. இதே காரியங்களை யூ.என்.பி. அரசாங்கம் செய்திருந்தால் அவர்கள் சத்தம் போட்டிருப்பார்கள். தங்களுடைய அரசாங்கம் என்றபடியால் சத்தம் உள்ளுக்குள்ளேயே அடங்கிப்போனது.

இதை எனக்குச் சொல்லித்தந்ததே அண்ணன்தான். அதுதான் தாங்கமுடியாமல் இருக்கிறது.

2010 என்று நினைக்கிறேன். கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட ஒரு தேத்தண்ணிக் கடை. அமெரிக்காவைப் பற்றிக் கதை வந்தது. 2003 பெப்ரவரி 15 ஈராக் யுத்தத்துக்கு எதிராக உலகம் முழுக்க இலட்சக்கணக்கில் சனம் வீதிக்கு வந்தது. புஷ் காலத்தில் வொஷிங்டனில் ஊர்வலத்துக்கு மேல் ஊர்வலம் நடந்தது. 2008இல் ஒபாமா வென்றார். 2009 டிசம்பர் 1ஆம் திகதி ஆப்கானிஸ்தானுக்கு மேலும் 30,000 படையினரை அனுப்புகிறேன் என்று அறிவித்தார், ஒன்பது நாள் கழித்து ஒஸ்லோவில் சமாதானத்துக்கான நோபல் பரிசை வாங்கினார். பாகிஸ்தானில் ட்ரோன் தாக்குதல் புஷ் காலத்தைவிடக் கூடியது. ஊர்வலம் மட்டும் காணாமல் போனது. மைக்கல் ஹீனி, ஃபாபியோ ரோஹாஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஊர்வலங்களுக்கே போய், வந்தவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து வருடக்கணக்காகக் கணக்கெடுத்தார்கள். ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள்தான் மெதுமெதுவாகக் கழன்றுபோனார்கள் என்று தெரியவந்தது. அவர்களுக்குப் புஷ் போனதே போதுமாக இருந்தது, யுத்தம் போனதா என்று யாரும் பார்க்கவில்லை.

சிண்டி ஷீஹான் என்ற தாயைப் பற்றி அன்றைக்கு அண்ணன் சொன்னதை என்னால் மறக்க முடியாது. மகன் 2004 ஏப்ரலில் ஈராக்கில் செத்துப்போனான். 2005 ஆகஸ்டில் அவர் டெக்சாஸில் புஷ்ஷின் பண்ணைக்கு வெளியே கூடாரம் போட்டு இருந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. 2009 ஆகஸ்டில் ஒபாமா விடுமுறைக்குப் போன தீவுக்கும் அவர் போனார். அப்போது அவரோடு நின்றது கொஞ்சப் பேர்தான். "அதே தாய், அதே படம், அதே கேள்வி. சனம்தான் இல்ல தம்பி" என்று அண்ணன் சொன்னார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. நான் பார்த்தேன்.

சனிக்கிழமை காந்திப் பூங்காவில் அதே தாய்தான் அண்ணன். பெயர் மட்டும் வேறு.

இனி கொமெண்டில் என்ன வரும் என்று தெரியும். ராஜபக்சக்களைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறேன் என்பார்கள். 2021 பெப்ரவரியில் பொத்துவில் தொடங்கிப் பொலிகண்டி வரைக்கும் போன எதிர்ப்புப் பேரணியில் ராஜபக்ச ஆட்சியிலேயே நடந்தவன் நான். கால் கொப்புளித்து மூன்று நாள் செருப்புப் போட முடியவில்லை. என்னிடம் இதைச் சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வருகிறது?

ஒரு வருடம் போதாது, நாடு கடனில் கிடக்கிறது, முதலில் சோறு, பிறகுதான் சட்டம் என்பார்கள். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பொருளாதாரம் அவசரம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளையின் தடுப்புக்காவல் உத்தரவில் கையெழுத்துப் போடாமல் விடுவதற்கு எத்தனை ரூபாய் செலவாகும்?

தமிழரசுக் கட்சிக்காரன் என்பார்கள். 2024 நவம்பரில் நாடு முழுக்க தேசிய மக்கள் சக்தி வென்று, தமிழரசுக் கட்சியை வெல்லவைத்த மட்டக்களப்பு மாவட்டம் ஒன்றுதான் தனித்து நின்றது. அதிலிருந்து இந்தக் கதை தொடங்கிவிட்டது, "தனியா நின்றது போதும், இனியாவது சேர்ந்து ஓடுவோம்" என்று. சேர்ந்து ஓடுங்கள். நான் யாருக்கு வாக்களித்தேன் என்பது எனக்கும் பெட்டிக்கும் இடையில் உள்ளது. இந்த அரசாங்கத்தில் இருக்கும் ஜே.வி.பி.காரர்கள், 88, 89இல் அவர்களுடைய கிளர்ச்சியை அரசு அடக்கியபோது, தங்கள் தோழர்களை டயரில் எரியப் பார்த்தவர்கள். காணாமல் போன பிள்ளைக்காகத் தாய் அலைவது எப்படி என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அதனால்தான் நான் மற்றவர்களைவிட இவர்களிடம் கூடுதலாக எதிர்பார்த்தேன். இப்போதும் எதிர்பார்க்கிறேன்.

முஸ்லிம் நண்பர்கள் வேறொன்று கேட்பார்கள். கேட்கட்டும், அது நியாயமான கேள்வி. 2019 ஏப்ரல் 21 மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு, முஸ்லிம் ஊர்களான காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஒன்றுமறியாத பிள்ளைகளை இந்தச் சட்டத்தில் அள்ளிக்கொண்டு போனபோது நாங்கள் என்ன செய்தோம்? வாயை மூடிக்கொண்டு இருந்தோம். நானும் இருந்தேன். எங்கள் சனம் செத்த கோபத்தில் இருந்தேன். அரசாங்கத்தின் கையில் கத்தி இருந்தால் பரவாயில்லை, வெட்டுப்படுவது நாங்கள் இல்லைத்தானே என்று நினைத்தேன். அதற்காக வெட்கப்படுகிறேன். அதனால்தான் மார்ச்சில் அந்த ஸ்டிக்கர் ஒட்டிய பிள்ளைக்காக எழுதினேன், 14 லைக் வந்தது.

அண்ணனுக்கு அரசாங்கத்தின் ஏதோ ஒரு குழுவில் இடம் கிடைத்திருக்கிறது என்கிறார்கள். கிடைக்கட்டும், நல்ல மனிதர், தகுதியானவர். உள்ளே போனவர் உள்ளேயிருந்து கேட்கட்டும், நான் சந்தோஷப்படுவேன். வெளியே நிற்கிறவர்களை யாருக்காக நிற்கிறீர்கள் என்று மட்டும் கேட்க வேண்டாம். என் அப்பா செத்த இரவு கொட்டும் மழையில் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பைக் கொண்டுவர ஒழுங்கு செய்தவர் நீங்கள். உங்களை எதிர்த்து எழுதுவது எனக்குச் சுகமாக இருக்கிறதென்று நினைக்கிறீர்களா? போனை எடுத்தேன், நம்பரைப் பார்த்தேன், வைத்துவிட்டேன். மூன்று தடவை.

பெரியம்மா சாட்சி சொன்ன இடங்களை எண்ணிப் பாருங்கள். சந்திரிகா வைத்த ஆணைக்குழு, 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு, பிறகு பரணகம ஆணைக்குழு, 2018க்குப் பிறகு காணாமல் போனோர் அலுவலகம். ஒவ்வோர் ஆட்சிக்கும் ஒரு தடவை முதலிலிருந்து கதை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒரு படித்த மனிதர், "அம்மா, இந்த முறை பொறுத்திருங்கள், நம்முடைய ஆட்கள் உள்ளே இருக்கிறார்கள்" என்று சொல்லியிருக்கிறார். இப்போது அவருக்கு 79 வயது. இன்னும் எவ்வளவு பொறுக்க வேண்டும் என்று அவரிடம் நீங்களே வந்து சொல்லுங்கள்.

அன்றைக்குப் பஸ் ஏற்றிவிடும்போது அடுத்தது எப்போது என்று கேட்டார். அடுத்த மாதம் முதல் சனி என்று சொன்னேன். கலண்டரில் குறித்து வைக்கச் சொல்லிப் பேத்தியிடம் சொல்வதாகச் சொன்னார்.

அண்ணன், உங்களுடைய லவுட்ஸ்பீக்கர் என் வீட்டில்தான் இருக்கிறது. 2021இல் வாங்கியது, கைப்பிடியில் நீங்கள் சுற்றிய சிவப்பு டேப் அப்படியே இருக்கிறது. நேற்றுப் புதுப் பற்றரி போட்டு வைத்தேன். முதல் சனி, காலை பத்து மணி, காந்திப் பூங்கா.