ஐந்து டாலர் துண்டும் இரண்டு ரூபாய் ஏற்றமும்

செங்கோட்டையை அடுத்த பிரானூர் பார்டரில் நான் முப்பது ஆண்டுகளாகச் சாப்பிட்டுவரும் புரோட்டாக் கடையில், போன வாரம் புரோட்டாவுக்கு இரண்டு ரூபாய் கூட்டியிருந்தார்கள். தென்மலைப் பக்கமிருந்து காரில் குடும்பத்தோடு வந்தவர் ஒருவர், "பழைய ஆளுகளுக்கும் இதே விலைதானா பாய்?" என்று சிரித்தபடி கேட்டதையும், பாய் பதில் பேசாமல் சில்லறையை எண்ணி வைத்ததையும் பார்த்தபோது, எனக்கு நியூயார்க்கின் ஒரு பீட்சாக் கடை நினைவுக்கு வந்தது.

2014-இல் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, புரூக்ளினின் மிட்வுட் பகுதியில், அவென்யூ ஜே தெருவில் உள்ள 'டி ஃபாரா'வுக்கு அவள் என்னை அழைத்துப்போனாள். இத்தாலியின் கசெர்த்தா வட்டாரத்திலிருந்து 1959-இல் குடியேறிய டாம் டிமார்கோ 1965-இல் தொடங்கிய கடை அது. பெரும்பாலும் யூதக் குடும்பங்கள் வாழும் அந்தத் தெருவில், கோஷர் என்னும் யூத உணவு விதிப்படி நடக்காத ஒரு கடை அரை நூற்றாண்டு தாக்குப்பிடித்ததே எனக்கு வியப்பு. பிள்ளைகள் உடனிருந்து உதவினாலும், எழுபதுகளின் பின்பாதியில் இருந்த அந்தக் கூன் விழுந்த மனிதர், மாவைத் தம் கையாலேயே விரித்து, அடுப்பிலிருந்து வந்த பீட்சாவின் மேல் செம்புக் கெண்டியிலிருந்து ஆலிவ் எண்ணெய் ஊற்றி, நம் துளசிக்கு உறவான பேசில் இலைகளைக் கத்தரிக்கோலால் நறுக்கித் தூவினார். வரிசை எவ்வளவு நீண்டாலும் அந்தக் கத்தரிக்கோலின் வேகம் மாறவில்லை. ஒன்றேகால் மணி நேரம் நின்றோம். எனக்கு முழங்கால் வலித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் 2009-இல் ஒரு துண்டின் விலையை 5 டாலராக்கியபோது ஊரே அதைப் பேசியதாம். மற்ற கடைகளில் அதில் பாதிக்குக் கிடைத்த காலம் அது. முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள், ஆனாலும் வரிசை குறையவில்லை என்றாள் மகள்.

நாம் மட்டும் ஏன் பழைய கடையிடம் பழைய விலையை எதிர்பார்க்கிறோம்? மைதா, எண்ணெய், விறகு எல்லாம் ஏறியிருக்கின்றன. புளியரையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் கூலி அதிகம் என்பதால், மாவை வீசத் தெரிந்த ஒரு மாஸ்டரை இந்தப் பக்கம் தக்கவைப்பதே பெரும்பாடு. 1956 வரை திருவிதாங்கூரோடும் அதன்பின் தமிழகத்தோடும் இருக்கும் செங்கோட்டைக்காரர்களான நாங்கள், இந்தக் கடைகளை எங்கள் பெருமை என்று விருந்தாளிகளிடம் சொல்லிக்கொள்கிறோம். பில் வந்ததும் வாடிக்கையாளர் உரிமையைக் கையில் எடுக்கிறோம். புதிதாகத் திறந்த குளிரூட்டிய உணவகத்தில், சால்னாவை ஒரு கிண்ணத்துக்கு மேல் ஊற்றாத இடத்தில், இதே ஆட்கள் வரியோடு சேர்த்து மூச்சுவிடாமல் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். பிரியம் என்று நாம் சொல்வதில் பாதி, மலிவாகக் கிடைத்ததன் சுகம்தானோ என்று எனக்கு ஐயம்.

டிமார்கோ 2022-இல், 85-ஆம் வயதில் காலமானார். கடையைப் பிள்ளைகள் நடத்துகிறார்கள். பிரானூர் பாயின் மகன் கொச்சியில் படிக்கிறான். விடுமுறையில் வந்தால் இலை போடுகிறான். கல்லாவில் உட்காருவானா என்று நான் கேட்கவில்லை. ஆறு புரோட்டா பார்சல் சொல்லி, கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.