மருந்து ஊற்றிக் கொடுப்பது மட்டும் இல்லை

ஹெராயின் போன்ற போதைக்கு அடிமையானவர்களுக்கு மெத்தடோன் என்ற மருந்தால் சிகிச்சை தரும் அமெரிக்க மையங்களை 'மருந்து ஊற்றிக் கொடுக்கும் இடம்' என்று உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், மனசு கேட்கவில்லை. மருத்துவப் பரிசோதனை, ஆலோசனை, வேலைக்கும் படிப்புக்கும் உதவி, கர்ப்பிணிகளுக்குத் தனிக் கவனிப்பு எல்லாமே அங்கே கூட்டாட்சி விதிப்படி கட்டாயம். அப்புறம், ஆண்டுக்குக் குறைந்தது 8 முறை போதைப்பொருள் பரிசோதனையும் உண்டு.

விடியுமுன்னே வரிசையில் நின்று, நர்ஸ் எதிரிலேயே சின்ன பிளாஸ்டிக் கப்பில் இருப்பதைக் குடித்து, விழுங்கியதைக் காட்ட இரண்டு வார்த்தை பேசிவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு 2024-இல் வந்த கூட்டாட்சி விதி பெரிய விஷயம், ஏனென்றால் சிகிச்சையில் ஒரு மாதம் தாண்டியவருக்கு, மருத்துவர் சரி என்றால், 28 நாள் மருந்து வரை வீட்டுக்கே கொடுக்கலாம். ஆலோசனைக்கு வர மறுக்கிறார் என்பதற்காக ஒருவருக்கு மருந்தை நிறுத்தவும் கூடாது. இதைக் கட்டாயம் எழுதியிருக்க வேண்டும்.