டூனா டின்னைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு

கல்ஃபில் வேலை பார்க்கும் ஒரு தம்பி டூனா டின்னோடு சாப்பிட உட்கார்ந்திருக்கும் படம் ஃபேஸ்புக்கில் சுற்றுகிறது. அதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி இன்னொருவர் அதே படத்தைப் பகிர்ந்து, "கல்ஃப் வாழ்க்கை இவ்வளவுதான், பூனை தின்பதைத் தின்கிறான்" என்று எழுதி, கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக விழுவதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ரெண்டு குபூஸ் ரொட்டி, நறுக்கிய வெங்காயம், திறந்த டூனா டின். அந்தத் தம்பியின் முன்னால் இருந்தது அவ்வளவுதான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

முதலில் மீனைப் பற்றியே பேசுவோம். விலை குறைந்த டூனா டின்னில் பெரும்பாலும் இருப்பது வரிச்சூரை என்ற சூரை மீன். மாலத்தீவிலும் லட்சத்தீவின் மினிக்காயிலும் இதைத்தான் அவித்து, புகை காட்டி, வெயிலில் காயவைத்து மாசி ஆக்குகிறார்கள். ஜப்பானில் சூப்புக்குச் சீவிப் போடும் காய்ந்த மீனும் இதிலிருந்து வருவதுதான். மாசிச் சம்பல் என்றால் நாக்கைச் சப்புக்கொட்டுகிறீர்கள். அதே மீன் டின்னில் அடைத்து நாலைந்து திர்ஹத்துக்கு வந்தால் பூனைச் சாப்பாடு ஆகிவிடுமா?

அந்தப் பூனைக் கதை எங்கிருந்து வந்தது என்றாவது தெரிந்துகொள்ளுங்கள். தொழிற்சாலையில் சூரையை ஆவியில் வேகவைத்து ஆறவிடுவார்கள். பிறகு தோலையும் முள்ளையும் எடுத்து, நடுவில் ஓடும் கறுஞ்சிவப்புச் சதையைக் கத்தியால் சுரண்டித் தனியாகப் போடுவார்கள். பூனை, நாய்த் தீவனத்துக்குப் போவது அந்தக் கறுஞ்சதை. நம் டின்னுக்கு வருவது மிச்சமிருக்கும் வெளிர்ச் சதை. இதைப் பெரும்பாலும் கையாலேயே செய்கிறார்கள், அதிலும் தாய்லாந்துத் தொழிற்சாலைகளில் வரிசையாக நின்று வேலை பார்க்கும் பெண்கள். அவர்கள் சுத்தம் செய்து அனுப்பியதைத்தான் நீங்கள் ஒரு வார்த்தையில் கேவலப்படுத்துகிறீர்கள்.

எல்லா மலிவு டின்னும் நல்லது என்று நான் சொல்லவே இல்லை. எது நல்லது என்று பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஷார்ஜாவில் எங்கள் ரூமில் மெஸ் பார்த்த கீழக்கரை அண்ணன். கடையில் டின்னைக் கையில் எடுத்ததும் விலையைப் பார்க்க மாட்டார். திருப்பி, மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் வடித்த எடையைத்தான் தேடுவார். முன்பக்கம் 185 கிராம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். எண்ணெயையும் தண்ணீரையும் வடித்தால் ஒன்றில் 130 நிற்கும், இன்னொன்றில் அதைவிடக் குறையும். அதற்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். அந்த எடை போடாத டின்னை அப்படியே அலமாரியில் வைத்துவிடுவார். அப்புறம் உள்ளடக்கம்: மீன், எண்ணெய், உப்பு என்று முடிந்தால் சரி. காய்கறிச் சாறும் சோயாவும் சேர்ந்து நீண்டால் யோசிப்பார்.

ரூமில் திறந்ததும் மூடியை உள்ளே அழுத்தி எண்ணெயை ஒரு கிண்ணத்தில் வடிப்பார். மீனைத் தட்டில் பரப்பி முள்கரண்டியால் பிரித்துப் பார்ப்பார். சதை அடுக்கடுக்காகப் பிரிய வேண்டும். தேனடை மாதிரிப் பொடிப்பொடி ஓட்டை விழுந்திருந்தால், அது வேகவைப்பதற்கு முன்பே கெட்டுப்போன மீன். ஒரு நுனி வாயில் வைத்து நாக்கு சுள்ளென்று எரிந்தால் துப்பிவிடுவார். பிடித்ததும் ஐஸில் வைக்காமல் வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் ஏறிவிடும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. உப்பின டின் என்றால் திறக்காமலே குப்பைக்கு. இதெல்லாம் தேறினால் அதே எண்ணெயில் கறிவேப்பிலை, பச்சை மிளகாய், வெங்காயம், கடைசியில் மீன், மேலே மிளகு. டியூட்டி முடிந்து பதினோரு மணிக்கு வந்தவனுக்கு அது விருந்து. நான் மனதாரச் சொல்கிறேன், விருந்து.

தூளாக இருக்கிறது என்பார்கள். பெரிய துண்டுக்கு ஒரு விலை, உடைந்ததற்கு ஒரு விலை, அவ்வளவுதான். நொய் அரிசி இல்லையா?

"விலை கூடினால் தரம் கூடும்" என்று கமெண்ட்டில் ஒருவர் பாடம் எடுத்திருக்கிறார். அமெரிக்காவில் பெரிய டூனா கம்பெனிகள் தங்களுக்குள் பேசிவைத்து விலையை ஏற்றிய வழக்கைப் படியுங்கள். ஸ்டார்கிஸ்ட் நிறுவனத்துக்கு 2019-இல் 10 கோடி டாலர் அபராதம். பம்பிள் பீ நிறுவனத்தின் தலைவராக இருந்தவருக்கு 2020-இல் 40 மாதச் சிறை. அந்த விலை மீனின் தரத்தால் ஏறவில்லை.

அடுத்து பாதரசம். இதைச் சொல்பவர்களுக்கு நிதானமாகவே பதில் சொல்கிறேன், பயம் நியாயமானது. ஆனால் விலை கூடிய வெள்ளைச் சதை டூனா ஆல்பகோர் என்ற பெரிய மீன். வரிச்சூரை சிறியது, சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் பிடிபடுவது, அதனால் பாதரசம் சேர நேரம் குறைவு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அளவீட்டில் ஆல்பகோர் டின்னில் சராசரிப் பாதரசம், பெரும்பாலும் வரிச்சூரை அடைத்த மலிவான லைட் டூனாவைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்குமாக அவர்கள் 2017-இல் வெளியிட்ட பட்டியலில் லைட் டூனா மிகச் சிறந்த தேர்வுகளில் இருக்கிறது, ஆல்பகோர் அதற்கு அடுத்த வரிசையில். தினமும் மூன்று வேளை தின்னச் சொல்லவில்லை. நீங்கள் சிரித்த டின்தான் இதில் மேல் என்கிறேன்.

உப்பு அதிகம்தான். உப்புநீரில் போட்டதென்றால் ஒரு தடவை அலசுங்கள். கடலைச் சுரண்டுகிறார்கள், மீன்பிடிப் படகுகளில் ஆட்களை அடிமையாக வைக்கிறார்கள் என்பதும் உண்மைதான், எனக்கும் அது உறுத்துகிறது. ஆனால் அந்தக் கேள்வியை இருபது திர்ஹம் டின் வாங்குபவரிடம் யாரும் கேட்பதில்லை. தொழிலாளர் கேம்ப்பில் இருப்பவனிடம் மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?

"ஃப்ரெஷ் மீன் வாங்கலாமே" என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். அக்கா, காலை நாலரைக்குப் பஸ் ஏறி ராத்திரி திரும்புபவன் எப்போது மார்க்கெட் போவான்? எட்டுப் பேருக்கு ஒரு அடுப்பு. வரிசையில் நின்று மீன் கழுவிக் குழம்பு வைத்து முடிப்பதற்குள் தூங்கும் நேரம் போய்விடும். நூறு கிராம் டூனாவில் சுமார் இருபது கிராம் புரதம் இருக்கிறது. கம்பி கட்டுபவன் உடம்புக்கு அது வேண்டும். மிச்சம் பிடிக்கும் காசு எங்கே போகிறது என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? தங்கச்சி ஃபீஸ், வீட்டுக்கடன், அம்மாவின் மாத்திரை. பெட்டி நிறைய சாக்லேட்டும் சென்ட்டும் வரும்போது அவன் என்ன தின்றான் என்று நீங்கள் கேட்டதில்லை. இப்போது தெரிந்ததும் சிரிக்கிறீர்கள்.

அந்தப் படத்தை எடுத்தவரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தட்டை மட்டும் எடுத்திருந்தால்கூட நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அந்தத் தம்பியின் முகம் தெளிவாகத் தெரிகிறது. அவர் அம்மாவுக்கும் ஊரில் ஃபேஸ்புக் இருக்கும், இல்லையென்றால் யாராவது கொண்டுபோய்க் காட்டுவார்கள். தயவுசெய்து இன்றைக்கே அதை எடுத்துவிடுங்கள். பகிர்ந்தவர்களும் எடுத்துவிடுங்கள்.