பேட்டரி ஈயமும் வீல் வெயிட்டும் பாதிக்குப் பாதியாம்!

அந்த வீச்சு வலை வீடியோவைத்தான் சொல்றேன். ஒகேனக்கல்ல இருந்து கே.ஆர்.பி. அணை வரைக்கும் வலை வச்சிருக்கிற எல்லார் போன்லயும் அதுதான் ஓடுது. ஒரு தம்பி பழைய பேட்டரியை உடைச்சு, டயர் கடையில வீல் பேலன்சுக்கு ரிம்முல மாட்டுற வீல் வெயிட்டைப் பாதிக்குப் பாதி போட்டு, வீட்டு கேஸ் அடுப்புல உருக்கி வலைக்கு ஈயம் வார்க்கிறாராம். "கெட்டியா இருக்கும், தேயாது"ன்னு அந்தத் தம்பி சொல்றார். கீழே ஒரே கைதட்டு.

வலை ஈயம் எதுக்குக் கெட்டியா இருக்கணும்? கயித்துல வச்சு சுத்தியால தட்டி மடக்கப் போறோம். சுத்த ஈயம்னா நகத்தால கீறினாலே தடம் விழும், அதுதான் வேணும். வீல் வெயிட்டுல ஈயத்தைக் கெட்டியாக்கச் சேர்க்கிற ஆன்டிமணிங்கிற உலோகம் ஏற ஏற மடிப்புல கீறல் விடும், அந்த விளிம்பு நைலானை அறுக்கும். எடையும் குறையும். தட்டி மடக்குற ஈயத்துக்குச் சுத்த ஈயம்தான். அதுல விகிதமே கிடையாது.

"அப்ப வீல் வெயிட்டே ஆகாதா?" ஆகும், ஓட்டை போட்டு வார்த்து கயித்துல கோக்குற மணிக்கு மட்டும். நாலு பங்கு சுத்த ஈயத்துக்கு ஒரு பங்கு. நாலு கிலோ வலைன்னா 3 கிலோ 200 கிராம் ஈயம், 800 கிராம் வீல் வெயிட். அதையும் பொறுக்கிப் போடணும். காந்தத்துல ஒட்டினா இரும்பு. கட்டிங் பிளேயர்ல கடிச்சா பள்ளம் விழாம வழுக்கினா துத்தநாகம். ஈயம் 327 டிகிரியில உருகும், துத்தநாகம் 419ல. சூட்டை 400க்குள்ள வச்சா தப்பி விழுந்ததுகூட உருகாம மேல மிதக்கும், அள்ளிடலாம். தாண்டிச்சுன்னா மொத்தமும் ராகிக் கூழ் மாதிரி ஆகி அச்சுல இறங்காது. வீடியோவுல மணியெல்லாம் மூளியா வந்ததுக்குத் தம்பி அச்சைத் திட்டறார். பாவம் அச்சு!

இப்ப பேட்டரி. இதுல பேச்சே இல்ல, சைபர். இப்போ வர்ற பராமரிப்பில்லாத பேட்டரித் தட்டுல கால்சியம் இருக்கு. வீல் வெயிட்டுல ஆன்டிமணியும் கொஞ்சம் ஆர்சனிக்கும் இருக்கு. ரெண்டும் ஒண்ணா உருகின கசடு மேல ஈரம் பட்டா ஸ்டிபின், ஆர்சின்னு வாயு வரும். ரெண்டுமே ரத்தச் சிவப்பணுவை உடைக்கிற விஷம். ஆகவே ஆகாத ரெண்டைத்தான் தேடிப் பிடிச்சுச் சேர்த்திருக்கார்!

"எங்க தாத்தா காலத்துல இருந்து உருக்கறோம், யாருக்கு என்ன ஆச்சு?" உங்க தாத்தா பழைய ஈயக் குழாயை வாசல்ல விறகடுப்பு மூட்டி உருக்கினார். சமையக்கட்டுல கால்சியம் பேட்டரியை உடைக்கல. அதோட, ஈயம் உடம்புல சேர்றது குழந்தைங்க படிப்புலதான் தெரியும், சாவு வீட்டுல இல்ல.

"ஈயம் என்ன விலை தெரியுமா?" தெரியும். பழைய பேட்டரியைக் கடையில திருப்பிக் கொடுத்தா காசு தர்றாங்க, அதுல ஈயம் வாங்குங்க. 2022 பேட்டரிக் கழிவு விதிப்படியும் அது மறுசுழற்சிக்குத்தான் போகணும்.

இதையேதான் அங்கே கமெண்ட்ல எழுதினேன். "பொறாமை", "பெரிய விஞ்ஞானி வந்துட்டாரு". சரி, நான் விஞ்ஞானி இல்ல. ஆனா கொதிக்கிற ஈயத்துல ஈரக் கட்டியைப் போட்டா ஆவி வெடிச்சு மூஞ்சில தெறிக்கும்னு தெரிய விஞ்ஞானம் எதுக்கு? கட்டியைச் சட்டி விளிம்புல வச்சுச் சூடாக்கிட்டுத்தான் உள்ள விடணும்னு ஒரு வார்த்தை சொல்லலையே அந்த வீடியோ! பின்னாடி ஒரு பாப்பா விளையாடிட்டு இருக்கு. அதை யாருமே பார்க்கலையா? கடைசியில அதே சட்டியைக் கழுவி வேற கவுத்து வைக்கிறார்.

பார்த்துட்டு ஏற்கெனவே உருக்கினவங்க கசடு மேல தண்ணி ஊத்தாதீங்க, வாழைக்கும் கொட்டாதீங்க. காய்ஞ்ச தகர டப்பாவுல இறுக்கி மூடி, மழை படாத இடத்துல, பிள்ளைங்க கைக்கு எட்டாம வச்சு, பேட்டரி மறுசுழற்சிக்கு எடுக்கிறவங்க கையில கொடுங்க. அடுப்பு மேடையை ஈரத்துணியால துடைங்க, துடைப்பத்தால கூட்டாதீங்க, தூசி பறக்கும். அந்தச் சட்டியில இனிமே சோறு வேண்டாம்.