உப்புக்குப் போட்ட முள்வேலி

உப்பு வரி என்றாலே நமக்குத் தண்டியும் வேதாரண்யமும்தான் நினைவுக்கு வரும். அவை வரவேண்டியதுதான். ஆனால் 1930-க்கு முன்னால் அந்த வரி ஏழைகளை என்ன பாடு படுத்தியது என்று யாரும் பேசுவதில்லையே என்பது என் ஆதங்கம்.

வடக்கே வரி கட்டாத உப்பு உள்ளே வராமல் தடுக்க ஆங்கிலேயர்கள் வேலியே வளர்த்தார்கள். சிந்து நதியிலிருந்து மகாநதிப் பக்கம் வரை ஏறத்தாழ 3,700 கிலோமீட்டருக்குச் சுங்கக் கோடு. அதில் பல நூறு மைலுக்குக் கருவேலம், இலந்தை, களா, சப்பாத்திக்கள்ளி என்று முள்ளாகப் பார்த்து நட்டு, ஆள் நுழைய முடியாதபடி அடர்த்தியாக வளர்த்தார்கள். காவலுக்குச் சுமார் 12,000 பேர். 1860-களின் கடைசியில் இந்த வேலியை முனைந்து வளர்த்த சுங்க அதிகாரி ஆலன் ஆக்டேவியன் ஹியூம். ஆமாம், 1885-இல் காங்கிரஸ் தொடங்கக் காரணமாக இருந்த அதே ஹியூம்தான்.

1879-இல் சுங்கக் கோட்டைக் கைவிட்டார்கள். மனம் இரங்கி அல்ல. உப்பு விளையும் இடங்களே கைக்கு வந்துவிட்டதால் அங்கேயே வரியைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. எல்லா மாகாணங்களிலும் வரியை ஏறக்குறைய ஒரே அளவாக்க வேண்டும் என்று அதற்கு முன்பே சென்னை மாகாணத்தில் மணங்குக்கு (சுமார் 37 கிலோ) இரண்டரை ரூபாயாக உயர்த்தியிருந்தார்கள். எப்போது தெரியுமா? 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த காலத்தில்! இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

பணக்காரன் என்பதற்காக யாரும் பத்து மடங்கு உப்பு தின்பதில்லை. வெயிலில் வேர்த்துக்கொட்ட உழைத்து வெறும் கூழைக் குடிப்பவனுக்குத்தான் உப்பு கூடுதலாக வேண்டும். மாட்டுக்கும் வேண்டும். யாராலும் தவிர்க்க முடியாத பொருள் என்பதால்தான் அரசு அதன்மேல் கை வைத்தது. அப்புறம் 1882 உப்புச் சட்டம் வந்தது. அலை ஒதுங்கிய இடத்தில் தானாக விளைந்து கிடக்கும் உப்பை ஒரு கைப்பிடி அள்ளினாலும் குற்றம். 1923-இல் சட்டசபை மறுத்தும் வைஸ்ராய் ரீடிங் தன் தனி அதிகாரத்தால் வரியை இரண்டு மடங்காக்கினார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தண்டி யாத்திரையோடு வரி போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். போகவில்லை. 1931 காந்தி-இர்வின் ஒப்பந்தத்தில் கிடைத்தது, உப்பு விளையும் ஊர்க்காரர்கள் தங்கள் தேவைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்ற சலுகைதான். 1947 பிப்ரவரியில் இடைக்கால அரசின் நிதிப் பொறுப்பிலிருந்த லியாகத் அலி கான் தாக்கல் செய்த பட்ஜெட்டில்தான் உப்பு வரி நீங்கியது.